பிலோ அக்காவின் குரலைத் தனியாகப் பிரித்தேன்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதி வாங்க முடியாது... ஏன் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நான் செய்த குற்றம் இதுதான். ஒரு பெண் மாதாவிடம் மட்டும் சொன்னதை நான் கேட்டேன். தவறிப்போய்க் காதில் விழுந்தது என்று முதல் தடவைக்கு வேண்டுமானால் சொல்லலாம். அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டேன். அதோடு நிற்கவும் இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடத்தையும் என் வாயாலேயே கெடுத்தேன்.

கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். முழங்காலில் நின்றேன். சாமி காத்திருந்தார். என் பாவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் சொன்னதையும் சொல்ல வேண்டும். அது என்னுடையது இல்லையே... கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அவளைத் தெரியாது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அதனால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

நான் காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். பாளம் பாளமாக வரும் ஐஸை உடைக்கிற மிஷினுக்குள் தள்ளிவிட வேண்டும். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எனக்கு அது வசதி. நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். விடியலில் வேலைக்குப் போனால் மத்தியானம் வீடு. சாப்பிட்டுவிட்டுப் போனோடு உட்கார்ந்துவிடுவேன்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த வீடியோ வந்தது. வீட்டில் பாடிப் பதிந்த பாட்டை ஏஐ வைத்து சினிமாப் பாட்டு மாதிரி ஆக்கலாம் என்று ஒருவர் தமிழில் விளக்கினார். அந்த ஆப்பை இறக்கினேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நிறத்தை வைத்துப் பழகிக்கொண்டேன். நீலத்தை அழுத்தினால் இரைச்சல் போகும். பச்சை, ஒருவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடும். கடைசியில் ஆரஞ்சு. அதுதான் மாஸ்டரிங். பாட்டு முழுவதையும் ஒருமுறை சீர்செய்து, எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் குறையில்லாமல் கேட்கும்படி ஆக்கிவிடும்.

முதலில் என் மனைவி ஸ்டெல்லாவின் குரலைத்தான் போட்டுப் பார்த்தேன். மீன் ஆய்ந்துகொண்டே அவள் முணுமுணுத்ததைப் பதிந்து நீலத்தை அழுத்தினேன். எங்கள் தெரு முனையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எப்போதும் வரிசையாக நிற்கும். ஹார்ன் சத்தம், எஞ்சின் உறுமல், பக்கத்து வீட்டு டிவி... எல்லாம் போய்விட்டது. நான் பிறந்ததிலிருந்து கேட்டே இராத ஓர் அமைதியில் என் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் சின்னதாக மூச்சு வாங்குவது கேட்டது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்து, அந்த மூச்சை நான் கேட்டதில்லை.

கடவுளே, இது என்ன காது!

எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லிப் பாடுவோம். அன்பியம் என்று பெயர். கோயில் திருவிழாவுக்குத் தேர் வரும்போது ஒவ்வொரு அன்பியமும் ஒரு பாட்டுக் கொடுக்க வேண்டும், ஸ்பீக்கரில் போடுவார்கள் என்று அந்த வருடம் சாமி சொல்லியிருந்தார். அதைப் பற்றித்தான் எங்கள் கூட்டத்தில் பேச்சு.

"ஸ்டூடியோ போணும்னா ஆளாளுக்கு வேலய உட்டுட்டு வரணும். யாரு வர்றது?" என்றாள் லூர்து அக்கா. எங்கள் அன்பியத்தின் தலைவி அவள்தான்.

"நம்ம வூட்லயே பண்லாம்" என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

லூர்து அக்கா திரும்பினாள். "யாரு பேசினது? சூசையா? ஏம்மா ஸ்டெல்லா, உன் வூட்டுக்காரருக்கு வாய் கீதா? சொல்லவே இல்ல?"

"எனக்கே இன்னிக்குத்தான்கா தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

எல்லாரும் சிரித்தார்கள். வாசலோரம் உட்கார்ந்திருந்த பிலோ அக்காவும் சிரித்தாள். "பாவம், உடுங்க அவன. தம்பி, நீ பண்ணு. அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு ஓடியாந்து பாடிட்டுப் போறேன்" என்றாள்.

பிலோ அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் விசைப்படகில் மீன் கொட்டுகிற குழிக்குள் விழுந்து முதுகெலும்பு போனவர். வருடக்கணக்காகப் படுக்கை. பிறகு வாதமும் வந்து பேச்சும் போய்விட்டது. வலி வந்தால் முனகுவார். அது தெருவுக்கே கேட்கும். புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். நடுவில் மீன் விற்கவும் போக வேண்டும். தெருவில் புதுப்பெண் வந்தால், "பிலோவப் பாத்துக் கத்துக்கோ, அவதான் பொண்டாட்டி" என்பார்கள். கோயிலில் சாமி ஒருமுறை பெயர் சொல்லாமல் அவளைப் பற்றிப் பிரசங்கமே வைத்தார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தோம். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என் வீட்டில் பதிந்தோம். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். அந்த வீடியோக்காரர் சொன்னபடி, பாடுகிற ஒவ்வொருத்தியின் போனையும் அவரவர் கழுத்தருகே துணியில் சொருகச் சொன்னேன். எல்லாரும் ஒன்றாகப் பாடினாலும், ஒவ்வொரு போனிலும் அதன் சொந்தக்காரியின் குரல் கொஞ்சம் தூக்கலாகப் பதியும். பாட்டை லூர்து அக்காதான் கட்டியிருந்தாள். பல்லவி இப்படி வரும்:

கடல் போனவரைக் கரை சேர்ப்பாய் அம்மா
கலங்கும் எங்களைக் காப்பாய் அம்மா.

வியர்வை ஒழுக ஒழுகப் பாடினார்கள். பிலோ அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முடிந்த உடனே போனை என்னிடம் நீட்டி, "உன்துல ஏத்திக்கோ தம்பி, நான் போணும்" என்று ஓடிவிட்டாள்.

அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் லூர்து அக்கா. பச்சையை அழுத்தியதும் மற்ற எல்லாரும் கரைந்து போனார்கள். அவள் மட்டும் நின்றாள். இரண்டாவது சரணம் அவளுக்கே மறந்துபோய், தான் கட்டிய பாட்டுக்கே லா லா என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி நடுவில் கொட்டாவி விடுகிறாள். ஒருத்திக்கு இவ்வளவு நல்ல குரல் என்று எங்களில் யாருக்குமே தெரியாது, அவ்வளவு மெல்லப் பாடுகிறாள். கூட்டத்தில் ஒன்றாகக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து வெளியே கூட்டி வந்ததுபோல இருந்தது.

பிறகு பிலோ அக்கா.

முதல் வரியை எல்லாரையும் போலத்தான் பாடினாள். இரண்டாவது வரி வந்தது. அதே ராகம், அதே தாளம். வார்த்தை மட்டும் வேறு.

எடுத்துக்கோ அம்மா... இவர எடுத்துக்கோ அம்மா...

நிறுத்தினேன். ஆப் ஏதோ குளறுபடி செய்துவிட்டது என்று நினைத்தேன். பச்சையை எடுத்துவிட்டுப் போட்டேன். பத்துப் பெண்களின் குரல், கலங்கும் எங்களைக் காப்பாய் அம்மா என்று வந்தது. அவளுடைய சொந்தப் போனில்கூட, கூட்டத்தின் சத்தத்துக்குள் அவள் என்ன பாடுகிறாள் என்று தெரியவில்லை. மறுபடி பச்சை. மறுபடி அவள்.

ஒவ்வொரு பல்லவியிலும் அப்படியே. சுருதி விலகவில்லை. ஒருத்தர் சந்தேகப்படும்படி ஓர் எழுத்து நீளவில்லை. கடைசிப் பல்லவியில் மட்டும், முடியல அம்மா... என்னால முடியல அம்மா... அதையும் ராகத்தோடுதான் பாடினாள்.

அவள் புதிதாகத் தடுமாறிப் பாடவில்லை. பழகிப் பழகி வந்த பாட்டு அது. எத்தனை வருடமாக? எத்தனை வீடுகளில், எத்தனை பூசைகளில், எங்கள் எல்லார் நடுவிலும் நின்று...

என்ன நினைத்தேன் என்று உங்களிடம் ஒளிக்க மாட்டேன். எனக்கு அவள்மேல் அருவருப்பு வரவில்லை. பயந்தேன். கோயிலில் தரையில் முழங்காலிட்டால் வரும் பயம் அது. ஒரு கோயில் நிறைய ஜனம் பாடும்போது, உள்ளே யார் யார் என்னென்ன சொல்லுகிறார்களோ. அவ்வளவையும் தனித்தனியாகக் கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நம்பினேன், ஆனால் எப்படி முடியும் என்று புரிந்ததில்லை. அன்றைக்குப் புரிந்தது. அந்தக் காதை ஒரு மத்தியானம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அது எனக்கு உரியதா? இல்லை என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் மறுபடி கேட்டேன்.

பாட்டில் அவள் குரலை மட்டும் சேர்க்கவில்லை. மற்றவர்களுடையதைக் கூட்டி ஆரஞ்சை அழுத்தினேன். நம்ப மாட்டீர்கள்... போர்வை தொங்கிய என் அறையில் பாடின பாட்டு, பெரிய கோயிலுக்குள் பாடியதுபோல விரிந்து நின்றது.

திருவிழா அன்று தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அதைப் போட்டார்கள். ஜனம் நின்றுவிட்டது. "இது நம்ம பொம்பளைங்களா?" என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது. பிலோ அக்கா தன் வீட்டு வாசலில் மெழுகுவத்தியோடு நின்று, ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடினாள். இரண்டாவது வரியில் நான் அவள் உதட்டையே பார்த்தேன். அதே வார்த்தை. அத்தனை ஜனத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் முகத்தில் என்ன ஒரு நிம்மதி இருந்தது தெரியுமா? சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறவளைப்போல இருந்தாள்.

இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும்.

அடுத்த வாரம் லூர்து அக்கா வீட்டில் அன்பியம். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். என்னை வட்டமாகச் சுற்றி உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"லூர்து அக்கா ரெண்டாவது சரணத்துல வார்த்தையே பாடல. லா... லா...ன்னு இழுத்துகினு போச்சு" என்றேன்.

ஒரே சிரிப்பு. லூர்து அக்கா முந்தானையால் என்னை அடித்தாள். "ஊமக்கோட்டான் மாரி இருந்துகினு எல்லாத்தியும் கேட்டுகினுகீறான் பாரு. டேய், பத்து பேர் கத்தச்சொல்ல உனுக்கு எப்டிடா என் கொரலு கேட்டுச்சு?"

"கேக்கும்க்கா. யார் இன்னா பாடினாலும் தனித்தனியா கேக்கும். அதுகிட்ட ஒண்ணியும் மறைக்க முடியாது."

இதைச் சொல்லும்போது நான் எங்கே பார்த்தேன்? இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிற கேள்வி அதுதான். எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த பிலோ அக்காவைப் பார்த்தேன். தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னால் நம்புவாள். நீங்களும் நம்பலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குள்ளே எதுவோ ஆசைப்பட்டது. ஏன்? நான் அவளைக் குறைவாக நினைக்கவில்லை என்று சொல்லவா? உன் பாரம் எனக்குத் தெரியும் அக்கா என்று சொல்லவா? அல்லது சும்மா, இத்தனை நாள் ஒன்றுமில்லாதவன் கையில் ஒன்று கிடைத்துவிட்டது என்ற திமிரா? எல்லாம் கலந்துதான் இருந்தது. ஐயோ, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவள் கையிலிருந்த தட்டு ஆடவில்லை. எதுவும் சிந்தவில்லை. வரிசையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் தட்டை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது ஐஸ் ஃபேக்டரி வாசலில் மீன் கூடையோடு நின்றாள். ஐஸ் வாங்க வந்தவள் மாதிரி.

"தம்பி, அல்லார் கொரலும் தனியா கேக்கும்னியே. மெய்யாலுமா?"

"உன்னுது கேக்கலக்கா. உன் போன்ல சரியா பதியல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். பொய் சொல்லக்கூடத் திறமை வேண்டும்.

"பதியலயா?"

"இல்லக்கா."

"சரி. பதியலன்னா நல்லது." கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "அப்பிடி ஏதாச்சும் இருந்தாக்கா தூக்கிப் போட்டுடுப்பா."

"போட்டாச்சுக்கா."

பதியவில்லை என்றவன் உடனே போட்டாச்சு என்கிறேன். அவளுக்குப் புரியாமலா இருக்கும்? ஐஸ் வாங்காமலே போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. அன்பியத்துக்கு வருகிறாள். பூசைக்கும் வருகிறாள். உதடு மட்டும் அசையும், மற்றவர்கள் பார்வைக்கு. தொண்டை அசையாது. யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் ஸ்டெல்லா மட்டும் கேட்டாள். "பிலோக்கா பக்கத்துல நின்னா முன்ன எனுக்கும் தெம்பா பாட வரும். இப்ப இன்னாமோ மாரி கீது." தொண்டை கட்டிக்கொண்டிருக்கும் என்றேன். "அதெப்டி, மாசக்கணக்காவா?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் சொல்ல முடியாது, அவர் காது நன்றாகக் கேட்கும். தெருவில் சொல்ல முடியாது, தெரு அவளைத் தெய்வமாக்கி வைத்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். ஆனால் இது பாவம் என்று அவளுக்கே ஒப்புதல் இல்லையோ என்னவோ... அவர் வலியில் முனகுகிறதைக் கேட்டவர்கள் யாரும் இதைப் பாவம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு இருந்தது எங்கள் சத்தம் மட்டும்தான். நாங்கள் உரக்கப் பாடினால் அவள் அதற்குள் ஒளிந்துகொண்டு வாய்விட்டுச் சொல்லலாம். நான் இரைச்சலை எடுக்கிற மிஷினைக் கொண்டுவந்தேன்.

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவள் இன்னும் புரட்டிப் போடுகிறாள். சில நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவருடைய படுக்கைப் புண்ணின் எரிச்சலுக்கு. "அங்க வெச்சிட்டுப் போ தம்பி" என்பாள். கோபம் இருந்தால்கூடத் தேவலை.

அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பலமுறை விரலை வைத்திருக்கிறேன். அழித்தால் அவள் சொன்னது இல்லாமலே போய்விடும், நான் கேட்டதிலேயே உண்மையான ஜெபம் அது, அதை அழிக்க எனக்கு என்ன உரிமை என்று மனது சொல்கிறது. இந்தக் காரணம் கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இன்னும் கேட்க வேண்டும் என்பதுதான் நிஜமோ? தெரியவில்லை. ஆனால் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றே தோன்றுகிறது. வெறும் ஒரு மனுஷியின் தொண்டையில் இருந்து அவ்வளவு பெரியது எப்படி வந்தது!

போன ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிலோ அக்கா பெண்கள் பக்கம், எனக்கு நேராகத் தூண் ஓரத்தில் நின்றாள். உதடு அசைந்தது, தொண்டை அசையவில்லை. எனக்கு என்ன வந்ததோ... நான் உரக்கப் பாட ஆரம்பித்தேன். சுருதி இல்லை, தாளம் இல்லை, நரம்பு புடைக்கக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். பின்னால் ஒருவர் சிரித்தார். ஸ்டெல்லா வாயில் கைவைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமே தெரியவில்லை. இந்தச் சத்தத்துக்குள் வந்துவிடு அக்கா, இப்போது சொல்லு, யாருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது... என்று நினைத்து நினைத்துக் கத்தினேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எதற்காகக் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அசைந்துகொண்டிருந்த உதட்டையும் மூடிக்கொண்டாள்.

ராயபுரம்,
சாம்பல் புதன்கிழமை, மத்தியானம்.